றகுமத்து மாமி சொல்லாதது

சாய்ந்தமருது சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. மூன்றாவது பை அக்கரைப்பற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்த தங்கச்சி புருஷன் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் நான் "மச்சான், பேக்" என்று கையைக் காட்ட, அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினார். நான் காலை வெயிலில், இன்னும் திறக்காத ஒரு கடையின் வாசலில் நின்றேன். அரைமணி நேரம் கழித்துப் பையோடு வந்தார். காரைதீவு தாண்டித்தான் பிடித்தாராம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பையையாவது பஸ்ஸில் விட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள், அது என்ன பழக்கம் என்று நடத்துனர் கேட்டாராம்.

எனக்கு அப்படிப் பழக்கம் ஒன்றும் இல்லை. பயத்தில் கை கால் ஓடவில்லை, அவ்வளவுதான்.

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். கடலோரத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு நானும் கணவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, படுக்கையோடு கிடப்பவர்களை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பது. அங்கிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் ஒரு மண்டபத்தில் கூடுவோம். குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதுவோம். அந்த வருடம் ஊர்ப்பக்கம் மௌத்தான முதியவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, சிறு புத்தகமாக்கி, அதைச் சத்தமாக வாசிப்போம். மௌத்தானவரின் மையத்து முகம் பார்க்கக் கிடைக்காதவர்களுக்கு அதுதான் கடைசிப் பார்வை. இந்த முறை ஒன்பது பேர். ஊருக்கு வருகிறவள் நான்தான் என்பதால் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் என் உம்மா.

உம்மா பாரிசவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொண்டவள் என் ஒரே தங்கச்சி பரீனா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. வயதான உம்மா கடைசி மகளின் வீட்டில் இருப்பார். உம்மா ஒரு நாள் விடிய, ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார், அன்றே நடுப்பகல் ளுஹருக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். நான் டிக்கெட்டுக்காக ஒவ்வொருவருக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தபோதே கபுறில் மண் போட்டு முடிந்திருந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. மையத்தைக் காக்க வைப்பது எங்கள் வழக்கம் கிடையாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. உம்மா மௌத்தாகி ஒரு வாரத்துக்குப் பிறகு, கொழும்பில் இருக்கும் மாமி மகள் ஆறுதல் சொல்லப் போன் எடுத்தாள். கதையோடு கதையாக, தான் கடைசியாக உம்மாவைப் பார்க்கப் போனபோது அறையில் ஒரு வாடை அடித்தது என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாள். அவள் அதை அன்றே மறந்திருப்பாள். நான் பத்து மாதமாக அந்த ஒரு வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிறேன். என் தொழிலில் வாடைக்கு அர்த்தம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டாமல் விட்டால் இடுப்பிலும் முதுகிலும் புண் வரும். புண் முற்றினால் வாடை வரும். அப்படியானால் என் தங்கச்சி உம்மாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டாளா? இது தெரியாமல் உம்மாவின் பக்கத்தில் ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. பரீனாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எனக்குத் தங்கச்சி இல்லை என்று தெரியும்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம், கீரிமீன் ஆணம், தேங்காய்ச் சம்பல், பொரித்த முட்டை, அதற்கு மேல் வட்டிலப்பம். ஆறு பேருக்கான சாப்பாட்டை என் ஒருத்திக்கு முன்னால் பரப்பிவிட்டு, பரீனா குசினிக்கும் நான் உட்கார்ந்திருந்த சாலைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மெலிந்திருந்தாள். நாற்பத்து நான்கு வயதில் கண்ணுக்குக் கீழே கருமை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் எனக்கு அன்று அது குற்றம் செய்தவளின் முகமாகத்தான் தெரிந்தது. சந்தேகம் பிடித்தவளுக்கு வட்டிலப்பம்கூட லஞ்சமாகத்தான் ருசிக்கும்.

உம்மாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. பரீனா குளிக்கப் போன நேரம் உள்ளே போனேன். ஒரு மூலையில் நெல் மூட்டைகள், சுவரில் உம்மாவின் தஸ்பீஹ் மணி, வெறும் கட்டில் சட்டம். நான் சுவர் ஓரமாகக் குனிந்து மோந்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: கட்டில் சட்டத்தின் பலகையையும் மோந்தேன். நெல்லின் மணம் மட்டும்தான். மெத்தை எங்கே என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எரித்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பகல் சோறு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் புத்தக வேலையைத் தொடங்கினேன். மூன்று வீடுகளுக்குப் போனேன், மூன்றிலும் ஒரே மனிதர்தான் மௌத்தாகியிருந்தார். ஐந்து வேளை தொழுதவர், யாருடைய மனதையும் நோகடிக்காதவர், பிள்ளைகளைப் படிப்பித்தவர். இப்படியே போனால் ஒரு பக்கத்தை எழுதி ஒன்பது பெயர் போட்டால் காணும். மூன்றாவது வீட்டில் மௌத்தானவர் பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். மகன்மார் இருவரும் எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்ததுபோல ஒப்புவித்தார்கள். நான் எழுதுகோலை மூடப்போகும்போது அவர்களின் உம்மா குசினிக் கதவு நிலையோடு வந்து நின்றார். அந்த மனிதர் வேலை முடிந்து வரும்போது தெரு முனையில் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பாராம், அதைக் கேட்டுத்தான் இவர் சோறு போடுவாராம். ஓய்வுபெற்ற பிறகு சைக்கிளில் வந்தார். தெரு முனைக்கு வந்ததும் வாயாலே இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பாராம்.

மகன்மாருக்கு முகம் சிவந்துவிட்டது. அதையெல்லாம் எழுத வேண்டாம் என்றார்கள். நான் அதை மட்டும்தான் எழுதினேன்.

பின்னேரம் மருதமுனைக்குப் போனேன். அங்கே மௌத்தானவர் கைத்தறி நெய்த ஒரு பெண்மணி. அவரும் யாருடைய மனதையும் நோகடிக்காதவர்தான். ஆனால் வேலியைத் தாண்டி வந்த ஒரு மாங்கொப்பை வெட்டியதற்காக அடுத்த வீட்டுப் பெண்ணோடு பதினொரு வருடம் கதைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒவ்வொரு நாளும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய், வாய் திறக்காமல் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாராம். இதைச் சொன்னவள் அந்த அடுத்த வீட்டுக்காரிதான். கதைக்கவில்லை என்று சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் பாதி பொறாமையில். அந்தக் கஞ்சிக் கோப்பையைப்போல உம்மாவைப் பற்றி எனக்கும் ஒன்று தெரிந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாடை.

மூன்றாம் நாள் இறக்காமத்துக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். என் அரைகுறைச் சிங்களத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தார். எங்கே போகிறாய், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாக விசாரித்துவிட்டு, உம்மாவைப் பற்றிக் கேட்டார். படுக்கையில் கிடந்து மௌத்தானதைச் சொன்னேன். தன் தாயும் அப்படித்தான் என்றார். பிறகு கச்சான் தோலை ஊதிக்கொண்டே, "உன் அம்மா படுத்திருந்தபோது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டார்.

குத்திக் கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் கேட்பதுதான். வெளிநாட்டில் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு பிடி கச்சானை என் கையில் போட்டார். நான் அதை உரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பதினான்கு மாதமும் நான் லெஸ்டரில் மற்றவர்களின் தாய்மாரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உம்மாவைப் புரட்டிய கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி எடுத்த ஓட்டோ, குளக்கட்டில் போய்க்கொண்டிருக்கும்போது கிளச் கம்பி அறுந்து நின்றது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கதிர் வைத்த வயல், தூரத்தில் புதர்க்காடு. சாரதி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, நேற்று இதே நேரம் இதே இடத்தில் மூன்று யானைகள் இறங்கின என்று தகவல் சொன்னார். நான் ஏற வசதியான மரம் எது என்று பார்த்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயது, மூட்டு வலி, எந்த மரமும் வசதியாக இல்லை. முக்கால் மணி நேரத்தில் சாரதி எங்கிருந்தோ ஒரு கம்பியைப் பிடுங்கிக் கட்டி வண்டியைக் கிளப்பினார். யானை வரவில்லை.

நான் தேடிப்போன வீட்டில் மௌத்தானவர் ஒரு வயல்காரர். காவல் பரணில் இருந்தபோது ஆனைவெடி கையிலேயே வெடித்து இடது கைப் பெருவிரல் போனவர். அதற்குப் பிறகு அவர் வெடி கொளுத்தவே இல்லையாம், யானையோடு கதைக்கத் தொடங்கிவிட்டாராம். "போடியார், இது உங்கட வயல் இல்ல, அங்கால போங்க" என்று வேளாண்மைக்காரப் பணக்காரருக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வாராம். கேட்டுப் போகுமா என்று கேட்டேன். சில நாள் போகும், சில நாள் தின்னும் என்றார் மகன். வீட்டுக்காரர்கள் தயிரும் இனிப்புப் பாணியும் தந்தார்கள். அந்த வருகையிலேயே எனக்கு ருசி தெரிந்த ஒரே சாப்பாடு அதுதான்.

நான்காம் நாள் றகுமத்து மாமியிடம் போனேன். உண்மையில் நான் ஊருக்கு வந்ததே அவரிடம் போவதற்குத்தான்.

றகுமத்து மாமி எங்கள் ஊரிலும் சுற்று ஊர்களிலும் மௌத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டுகிறவர். அறுபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். முப்பது வருடமாகச் செய்கிறார், யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. என் ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்கள். அந்த ஐந்து பேரையும் குளிப்பாட்டியவர் இவர்தான். உம்மாவையும். உம்மாவின் முதுகைக் கடைசியாகப் பார்த்த கண் இவருடையது.

இஞ்சி போட்ட பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் தந்தார். புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷமாகக் கதைத்தார். ஒவ்வொரு பெண்ணின் வாழ்க்கையும் விரல் நுனியில் இருந்தது. யார் கலியாண வீட்டில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர், யார் கணவரை அடிக்கக் கை ஓங்கியவர், யார் நோன்பு நாளில் அசதியில் மாங்காயைக் கடித்துவிட்டுப் பிறகு ஒரு பகல் முழுவதும் அழுதவர். உம்மாவைப் பற்றியும் சொன்னார். சுனாமிக்கு அடுத்த கிழமை, உடுக்கத் துணியில்லாத பெண்களுக்காக உம்மா தன் நிக்காஹ் சேலையையே கிழித்துக் கொடுத்தாராம். எனக்கு அது தெரியாது. உம்மா எங்களிடம் அந்தச் சேலையைக் கறையான் தின்றுவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"மாமி, உம்மாட உடம்புல புண் இருந்திச்சா?"

அவர் என் கோப்பையைப் பார்த்தார். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி" என்றார்.

நான் மறுபடியும் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட மன்றாடினேன் என்று சொல்லலாம். எனக்கு இது தெரியாமல் தூக்கம் இல்லை, எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் மனித உருவம் வரைந்த ஒரு தாள் இருக்கும், எந்த இடத்தில் எந்தப் புண் என்று அதில் குறித்து வைப்போம், பிள்ளைகள் கேட்டால் காட்டுவோம், தெரிந்துகொள்வது பிள்ளைகளின் உரிமை என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது அங்க. நான் கழுவின மையத்தப் பத்தி ஒருத்தருக்கும் சொன்னதில்ல புள்ள. கெட்டதையும் சொல்றல்ல, நல்லதையும் சொல்றல்ல."

"நல்லதச் சொல்லலாம்தானே மாமி?"

"ஒரு வீட்டுல போய், உங்கட உம்மாட முகம் ஒளியா இருந்திச்செண்டு சொன்னா, நான் சொல்லாம வந்த வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? அதான் ரெண்டையும் விட்டுட்டன்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "சின்னவள்ட்டக் கேட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து வந்தவளுக்கு ஒரு சொல் தர முடியாத பிடிவாதம். புண் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே? சொல்லவில்லையென்றால் இருந்தது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். பரீனா பாரை மீன் பொரித்து வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல், யாரோ மௌத்து. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நிற்கும். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய், இன்னாருடைய மாமியார் என்று உறவெல்லாம் சொல்லி முடித்து, கடைசியாகப் பெயர். பக்கத்துத் தெரு செயினம்பு உம்மா. எண்பது வயது, ஒன்றரை வருடமாகப் படுக்கை. பார்த்துக்கொண்டவள் ஒரே மகள் ஜெஸீமா. பரீனா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். அந்த வீட்டு வாசல்வரை வந்தவள் உள்ளே வரவில்லை. தண்ணீர் கொதிக்க வைக்கும் பெண்களோடு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

வீட்டின் பின்பக்கம் சேலைகளைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். றகுமத்து மாமியோடு எப்போதும் துணைக்கு நிற்கும் பெண் மக்காவுக்கு உம்றாப் போயிருந்தாள். ஜெஸீமா இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள், அவளை நிற்க வைக்க முடியாது. மாமி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ அங்க கிழவியளத் தூக்கிற வேலதானே செய்யிற. கை பழகியிரிக்கும். வா."

நான் பயந்தேன். என் வேலையில் எத்தனையோ உடல்களைத் துடைத்திருக்கிறேன். ஆனால் அது சம்பளத்துக்கு, கையுறைக்குள், பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களுக்கு. இவர் கையால் நான் சின்னவயதில் கொடுக்காப்புளி வாங்கித் தின்றிருக்கிறேன். முகம் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டு மறைப்புக்குள் போனேன். இலந்தை இலை போட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பின் மேல் ஒரு வெள்ளைத் துணி, அதற்கு அடியில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். வலப் பக்கம் முதலில். மாமி அதிகம் கதைக்கவில்லை. நான் தோளைப் பிடித்துப் புரட்டும்போது மட்டும், "மெல்லப் புள்ள, அவக்கு நோகும்" என்றார். மாமியின் இந்தக் கைகள்தான் உம்மாவையும் இப்படிப் புரட்டியிருக்கும் என்று நினைத்தபோது என் கண்ணீர் துணியில் விழுந்துவிடாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன்.

அந்த மறைப்புக்குள் நான் என்ன பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை. ஒன்றும் பார்க்கவில்லை என்றும் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள் எல்லாம் நான் மாற்றியவை, அப்படியிருந்தும் எழுதமாட்டேன்.

கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீர் ஊற்றி, துடைத்து, வெள்ளைக் கபன் துணி உடுத்தி முடித்தோம். ளுஹருக்கு முன்னால் ஆண்கள் மையத்து வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும். நான் பின்பக்கக் குழாயில் கைகழுவிக்கொண்டிருந்தபோது ஜெஸீமா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இளம்பெண் இல்லை, அவளுக்கும் நாற்பது இருக்கும். கை நெருப்பாகச் சுட்டது.

"ராத்தா, எங்கட உம்மாட உடம்பு எப்பிடி இருந்திச்சி?"

நல்லா இருந்தாங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு நான் இவளிடம் அதைச் சொன்னால், அது நாளைக்குள் ஊர் முழுக்கப் போகும். றகுமத்து மாமி ஒன்றும் சொல்லாமல் வந்த வீடுகளில் இருப்பவர்கள் அதைக் கேட்பார்கள். என்னைப்போல ஒருத்தி எங்காவது இருந்து சுற்றிச் சுற்றி நினைப்பாள்.

"சொல்லக்கூடா ஜெஸீமா. நல்லதும் சொல்லக்கூடா" என்றேன்.

அவள் பிடி தளர்ந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், நேற்று நான் மனதுக்குள் மாமியைத் திட்டியதுபோல. அவள் குழாயடியிலேயே குந்திவிட்டாள். யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். எந்த நேரம் ஊட்டினாள், எந்த எண்ணெய் தடவினாள், தன் இடுப்பு பிடித்துக்கொண்ட நாளில் யாரைக் கூப்பிட்டுத் தூக்கினாள், ஒரே ஒரு நாள் அலுப்பில் உம்மா கூப்பிட்டதுக்கு எழும்பாமல் படுத்துக் கிடந்தது, அந்த ஒரு நாள். அந்த ஒரு நாளைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் என்னிடம் கேட்டது அவள் உம்மாவைப் பற்றி அல்ல. தான் நல்ல மகளா என்று கேட்கிறாள். அதற்குப் பதில் எந்த முதுகிலும் எழுதியிருக்காது. நான் பக்கத்தில் குந்தி அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். வேறு ஒன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது பரீனா போய்விட்டிருந்தாள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு அவளைக் குசினிப் பின்பக்கத்தில் கண்டேன். சின்னப் பலகையில் குந்தி சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பூனை வரிசையில் நின்றது. நான் இன்னொரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"செயினம்பு உம்மாவக் கழுவப் போனியாம்."

"ஓம்."

நான்கைந்து மீனை வெட்டினாள். கத்தி நின்றது.

"கேளு ராத்தா. வந்த நாள்ல இரிந்து கேக்காம மோந்து மோந்து திரியிறாய். கட்டில மோந்தத்தையும் நான் கண்டன். கேளு."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பத்து மாதமாக ஒரு பதிலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, அதைக் கேட்பவர் யாரும் இல்லாமல் காத்துக்கொண்டிருந்த முகம். அந்த வாடையைப் பற்றிக் கேட்டால் இப்போது சொல்லிவிடுவாள். மெத்தையை ஏன் எரித்தாள் என்றும் சொல்லிவிடுவாள். நான் இவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தான். கேட்க வாயெடுத்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த அந்தக் கருமையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"அந்தப் பதினாலு மாசமும் நீ எப்ப புள்ள தூங்கின?" என்று கேட்டேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. மீன் செதில் ஒட்டிய புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பூனைக்கு ஒரு மீன் தலையைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இப்பவும் தூங்க ஏலா ராத்தா. பதினொண்டு, ஒண்டு, மூணு. அலாரம் வைக்காமலே முழிப்பு வருது. எழும்பி, புரட்டுறத்துக்கு எண்டு உம்மாட அறை வரைக்கும் போறன். வாசலுக்குப் போன மறுகாதான் ஞாபகம் வருது."

நான் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினேன். மீன் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் எழும்பாமல் அப்படியே இருந்தாள், தோள் குலுங்கியது. நான் அவள் முதுகில் கையை வைத்தேன். பிடவைக்கு மேலாலேயே எலும்பு தட்டுப்பட்டது.

"போய்ப் படு புள்ள" என்றேன். "நான் முழிச்சிரிக்கன்."